வாசற்படி தாண்டிய பாட்டில்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் பாட்டில் வந்ததில்லை. குடித்தவர்கள் வந்திருக்கிறார்கள். தட்டுத்தடுமாறியும், சுவரைப் பிடித்துக்கொண்டும், சில சமயம் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டும் வந்திருக்கிறார்கள். பாட்டில் மட்டும் வாசற்படி தாண்டியதில்லை. அதற்கென்று நிலத்தில் மோட்டார் கொட்டகை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாருக்கு ஒரு கொட்டகை போட்டால், மோட்டாருக்கு ஒரு மூலையும் மற்ற சங்கதிகளுக்கு மூன்று மூலையும் ஒதுக்குவது வழக்கம். என் தாய்மாமா பொழுது சாய்ந்தால் "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று கிளம்புவார். கரண்ட் இல்லாத நாளிலும் கிளம்புவார்.

அந்தக் குடும்பப் பெருமையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உடைத்தவள் என் தங்கை. பக்கத்தில் ஈரத்துணியோடு நின்று ஒத்தாசை செய்தவள் நான். உடைத்ததும் ஏதோ குவார்ட்டரால் அல்ல, பிரான்ஸிலிருந்து வந்த ஷாம்பெயினால். அதில் பூ வேறு போட்டிருந்தோம்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அதனால் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது மாமாதான். "நல்ல எடம், நெலம் நீச்சு இருக்குது, பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடயாது" என்று சொல்லிக் கட்டிவைத்தார். அவர் பொய் சொன்னதாக நான் சொல்லமாட்டேன். அவருடைய அகராதியில் குடி கெட்ட பழக்கத்தில் சேராது. காபி, பேப்பர் போல அதுவும் ஒரு சாயங்காலச் சங்கதி. அந்தச் சாயங்காலம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதை என் தங்கையின் முதுகைக் கேட்டால் சொல்லும்.

அடி தாங்க முடியாமல் அவள் திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடி வருவாள். மறுநாள் காலையிலேயே மாமா வந்துவிடுவார். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, "எந்த ஆம்பளதான் குடிக்கல? நீதான் அனுசரிச்சிக்கினு போவணும். கெளம்பு கண்ணு" என்பார். அவள் "சரி மாமா" என்பாள். அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு எதையும் அவள் அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. கொண்டுபோய் விட்டதும் சமாதானம் ஆனதைக் கொண்டாட மாமாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து மோட்டார் போடப் போவார்கள்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. கடைசியில் ஒரு நாள் அவன் அவள் மணிக்கட்டை முறித்தான். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து மாமா சொன்ன புத்திமதி இது: "பாத்ரூம்ல வழுக்கிச்சுன்னு சொல்லிடு. இல்லன்னா போலீஸு கீலீஸுன்னு ஜாஸ்தியா பூடும்." அவள் அப்படியே சொன்னாள். ஆனால் மாவுக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வக்கீலைப் பார்த்தாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில், வருகிறவர்களுக்கு ரூம் காட்டுகிற வேலையில் சேர்ந்தாள். ஒருவழியாகக் கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பும் வந்துவிட்டது. நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் எதற்கு என்று சொன்னேன். பாதிப் பேர் மைசூர்பாகைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு சந்தோஷம்தான், ஆனால் அடிமனசில் ஒரு பயம் இருந்தது. கோர்ட்டில் வக்கீல் கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்ன பெண், மாமாவின் முகத்துக்கு நேராக மட்டும் இதுவரை "மாட்டேன்" என்று சொன்னதே இல்லை. கேஸ் நடந்த காலத்தில் அவர் கோபித்துக்கொண்டு வராமல் இருந்தார், இவள் தப்பித்தாள். அவர் மறுபடி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து "கெளம்பு கண்ணு" என்றால், தீர்ப்பாவது ஒன்றாவது, பழக்க தோஷத்தில் "சரி மாமா" என்று பையை எடுத்துவிடுவாளோ என்று எனக்கு உதறலாகவே இருந்தது.

உறவுக்காரர்கள் தீர்ப்பைச் சாவுச் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, போன் செய்து துக்கம் விசாரித்தார். "சாப்ட்டாளா? தூங்கறாளா? தனியா உட்டுடாத, ஏதாவது பண்ணிக்கப் போறா." பண்ணிக்கொள்ள வேண்டிய காலத்தையெல்லாம் அவள் தாண்டி வந்துவிட்டாள், இப்போது பரோட்டா சாப்பிடுகிறாள் என்று சொன்னேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "இன்னொண்ணு. இனிமே பூ கீ வெச்சிக்கினு ரோட்ல போவ வேணாம்னு சொல்லு. பாக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க." போன் ஸ்பீக்கரில் இருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை, தலையில் இருந்த மல்லிகையை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

பாட்டில் வந்தது அடுத்த வாரம்.

கெஸ்ட் ஹவுஸில் ஒரு பிரெஞ்சுக்காரி வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு வந்து தங்குவாள். செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவாள், கம்பங்கூழைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள், உலகத்தை விட்டு விலகிவிட்டதாகச் சொல்லுவாள். விலகியவளின் பெட்டிக்குள் ஷாம்பெயின் இருந்திருக்கிறது. தன் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று கொண்டுவந்தாளாம். அதற்குள் ஏதோ ஞானம் வந்து மௌன விரதத்தில் உட்கார்ந்துவிட்டாள். தீர்ப்பு வந்ததைக் கேள்விப்பட்டதும் என் தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று பாட்டிலை அவள் கையில் திணித்தாள். சும்மா குடித்தால் பத்தாது, பூவெல்லாம் போட்டு நளினமாகக் காக்டெயில் செய்து குடிக்க வேண்டும் என்று ஜாடையிலேயே விளக்கினாள். மௌன விரதம் ஆயிற்றே. பூப்பறிப்பது போல் காட்டினாள், அடுப்பு மூட்டுவது போல் காட்டினாள், கடைசியில் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துத் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். திறப்பதற்கு முன்னால் சாமி கும்பிட வேண்டும்போல என்று என் தங்கை நினைத்துக்கொண்டாள். மூடி தெறித்துக் கண்ணில் படும் என்பதைத்தான் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். பிறகு போனில் வீடியோ பார்த்தபோதுதான் புரிந்தது.

"இத நாம எதுக்குடி குடிக்கணும்? குடியாலதானே நீ இவ்ளோ பட்ட?" என்று நான் கேட்டேன்.

"அவன் குடிச்சதால நான் பட்டேன்கா. நான் குடிச்சா யார் படப்போறாங்க?" என்றாள். "தலையிலதான் பூ வெக்கக் கூடாதுன்னாங்க. கிளாஸ்ல போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

பாட்டிலைப் பழைய நைட்டியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அதற்கு மேலே இட்லி மாவு இருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. என் கணவர் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவது வருபவர். இருந்தாலும் அடித்துக்கொண்டது.

செய்முறை வீடியோவில் ஒரு பெண் வெள்ளைச் சமையலறையில் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு நின்றாள். அந்தச் சமையலறையில் யாரும் ஒரு வெங்காயம்கூட வதக்கியிருக்கமாட்டார்கள். 'ஐந்தே நிமிடம்' என்று சொன்னாள். குளிர்நாட்டுப் புதரில் பூக்கும் ஏதோ ஒரு வெள்ளைப் பூவின் பாகு வேண்டும், கட்டிச் சர்க்கரை வேண்டும், ஒல்லியான நீளக் கழுத்து கிளாஸ் வேண்டும். கட்டிச் சர்க்கரைக்குக் கல்கண்டு இருந்தது. கிளாஸுக்குத் தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையில் ஃபலூடா கிளாஸ் இரண்டு கிடைத்தது. பூவுக்குத்தான் சிக்கல்.

கோயில் பக்கம் இருக்கும் பூக்காரம்மாவிடம் போனோம். உதிரி மல்லிகை கேட்டோம்.

"சாமிக்கா, தலைக்கா?" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். "ரெண்டுக்கும் இல்லம்மா."

பூக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அடப்பாவமே. எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் பூவுக்கு மூன்றே உபயோகம்தான். சாமி, தலை, சாவு. நாலாவதாக ஒன்றை அந்த அம்மாவுக்கு விளக்க எங்களுக்குத் தைரியமில்லாமல், இன்றைக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

மல்லிகையைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்ததில் வீடு முழுக்கக் கல்யாண வேன் வாசனை வந்தது. தேங்காயெண்ணெயும் வியர்வையும் மட்டும்தான் பாக்கி. நாக்கில் வைத்தால் கசந்தது. நான் அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெள்ளைச் சமையலறைப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நளினம் எல்லாம் வேலைக்காரி பாத்திரம் தேய்க்கிற வீட்டில்தான் வரும், நமக்கு எதற்கடி இந்த வம்பு, இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுக்கலாம் என்றேன். தங்கை கேட்கவில்லை. அவளுக்குப் பூ வேண்டும்.

கடைசியில் அது காம்பவுண்டு சுவரிலேயே இருந்தது. சங்குப்பூ. யாரும் நடாமல் தானாகப் படர்ந்து, நீலமாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும். செங்கம் ரோட்டு கஃபேக்களில் இதையே வெந்நீரில் போட்டு நீல டீ என்று வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்து, அது மனசை அமைதிப்படுத்தும் என்றும் சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவில் ஆடுகள் தினமும் தின்கின்றன. அவற்றுக்கு ஒரு அமைதியும் வந்ததாகத் தெரியவில்லை. தங்கை ஒரு கிண்ணம் நிறையப் பறித்து, கழுவி, காம்பு கிள்ளி, சர்க்கரைப் பாகில் போட்டாள். பாகு துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் மாதிரி ஆயிற்று. ருசி என்று ஒன்றும் இல்லை, ஆனால் கசக்கவும் இல்லை. எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டதும் நன்றாகவே மணத்தது.

நாள் பார்த்தோம். திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிறேன் என்று வந்து, காலைக் கழுவி, காபி குடித்து, பாத்ரூமைப் பயன்படுத்திவிட்டுப் போவார்கள். அதனால் பௌர்ணமி ஆகாது. பிரதோஷம் ஆகாது. அமாவாசைக்கு எங்களுக்கே மனசு வரவில்லை. கறி எடுக்கவே காலண்டரைப் பார்க்கிற ஊரில் ஷாம்பெயினுக்கும் காலண்டரைப் பார்த்து, ஒன்றுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தோம்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மூடியைத் திறப்பதுதான் பெரும்பாடு. தங்கை பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாள், நான் ஈரத்துணியை மூடிமேல் போட்டு அழுத்தினேன். விசில் அடங்காத குக்கரைத் திறக்கிற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. அவள் முறிந்து கூடிய அந்த மணிக்கட்டால் மெதுவாகத் திருகினாள். டப்பென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டிலிருந்து "இன்னாங்க, டயரா?" என்று குரல் வந்தது. "குக்கருங்க!" என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஃபலூடா கிளாஸின் அடியில் ஒரு கல்கண்டு, அதன்மேல் நீலப் பாகு, அதன்மேல் ஷாம்பெயின். ஊற்ற ஊற்ற நீலம் கண்ணெதிரே ஊதாவாக மாறியது. கல்கண்டிலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பி மேலே வந்தது. தங்கை வாசலுக்கு ஓடிப்போய் ஒரே ஒரு சங்குப்பூவைப் பறித்து வந்து மேலே மிதக்கவிட்டாள். உண்மையைச் சொல்லவேண்டும், அழகாக இருந்தது. என் வீட்டில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், அவ்வளவு அழகான ஒன்று இருந்ததே இல்லை. தங்கை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஹாலில் நின்றபடி ஒரு பெரிய மடக்காகக் குடித்தாள்.

அது சோடாவைப் போலப் பொங்கும் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. நுரை மூக்குக்கு ஏறிவிட்டது. இருமல் என்றால் இருமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகவாயில் ஊதா நுரை ஒழுகியது. பூப்பறிக்கப் போனவள் கதவைச் சாத்தாமல் வந்திருந்தாள். சரியாக அந்தக் கணத்தில் அத்தை உள்ளே நுழைந்தார், பின்னாலேயே மாமா.

அத்தை ஒரு தடவை அவளைப் பார்த்தார், ஒரு தடவை கையிலிருந்த ஊதாக் கிளாஸைப் பார்த்தார். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டைக் காலி செய்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். "ஐயோ! மருந்தக் குடிச்சிட்டாளே! நான் சொன்னனே, தனியா உடாதன்னு சொன்னனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் கரைக்கச் சமையலறைக்கு ஓடினார்.

மாமா செருப்போடு உள்ளே வந்தார். யார் வீட்டிலும் செருப்போடு நுழையாத மனிதர். மண்டி போட்டு உட்கார்ந்து அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். "துப்பு கண்ணு, துப்புமா." அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் மீசையில் இறங்கியது. "நீ எங்கயும் போவ வேணாம். அவங்கூட உன்ன அனுப்பமாட்டேன். உங்கம்மா மேல சத்தியமா அனுப்பமாட்டேன். எங்கள உட்டுட்டுப் போயிடாத."

ஆறு வருஷமாக நாங்கள் காத்திருந்த வார்த்தை அது. ஒவ்வொரு காலையிலும் அந்த நாற்காலியிலிருந்து வருமா என்று பார்த்துப் பார்த்து ஏமாந்த வார்த்தை. அது மருந்து இல்லை மாமா என்று நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல இருந்தது. தங்கையும் இருமல் அடங்கிய பிறகுகூட அவர் மார்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அத்தை சமையலறையிலிருந்து திரும்பி வந்தார். கையில் உப்புத் தண்ணீர் இல்லை, பாட்டில் இருந்தது. "ஏங்க, இது இன்னான்னு பாருங்க" என்றார். மாமா தங்கையின் கையிலிருந்த கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். நாற்பது வருஷ அனுபவமுள்ள மூக்கு. முதுகைத் தடவிக்கொண்டிருந்த அவருடைய இன்னொரு கை நின்றது. பிறகு எடுத்துக்கொண்டார்.

"சரக்கு" என்றார்.

"மருந்து இல்லயா?" என்றார் அத்தை. நிம்மதியாகக் கேட்டாரா, ஏமாற்றமாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரக்குடி! பொம்பளப் புள்ள, நடு வீட்ல உக்காந்து சரக்கு அடிக்குது!"

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அதை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "இதுக்கு நீ மருந்தே குடிச்சிருக்கலாம்."

சற்று முன் தலையில் அடித்துக்கொண்டு அழுத அதே வாய். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் குடத்துக்கு இருந்த மதிப்பு உடைத்தவளின் எலும்புக்கு இருந்ததில்லை. நான் அத்தையைப் பார்த்து "வாய மூடுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை சொன்னேன், நன்றாக இருந்தது.

மாமா எழுந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஞ்சாயத்துக் குரலை எடுத்துக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. நாங்க வந்த விஷயத்தக் கேளு. மாப்ள திருந்திட்டாரு. மாலை போட்டிருக்காரு. கோர்ட்டு பேப்பரக் கெடாசிட்டு மறுபடி சேந்து வாழலாம்னு அவரே வாயத் தொறந்து சொல்லிட்டாரு. வெளியில கார்லதான் உக்காந்திருக்காரு. வாயக் கொப்புளிச்சிட்டு, ஏலக்கா ஏதாவது மென்னுட்டு வா. இது அவருக்குத் தெரிய வேணாம். கெளம்பு கண்ணு."

அம்மா மேல் செய்த சத்தியத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆயுசு இல்லை. அதைப்பற்றி அவருக்கு நினைப்பும் இல்லை. தங்கை தரையிலிருந்து எழுந்தாள். அவள் உதடு பிரிந்தது. எனக்குத் தெரியும் அந்த உதட்டை, அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாமா என்றுகூடத் தோன்றியது.

அவள் மாமா கீழே வைத்த கிளாஸை எடுத்தாள். இந்தத் தடவை அவசரப்படாமல், ஒரு வாய் குடித்தாள். விழுங்கிவிட்டு, "அவரையே உள்ள கூப்புடுங்க மாமா" என்றாள்.

"இந்தக் கோலத்துலயா? கிளாஸக் கீழ வையி."

"மாட்டேன்" என்றாள்.

சத்தமாகக்கூட சொல்லவில்லை. மாமா தன் காதில் சரியாக விழவில்லையோ என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்தார். கூப்பிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அத்தை போட்ட கூச்சல் கார்வரை போயிருக்கிறது. கழுத்தில் துளசி மாலையும் நெற்றியில் பட்டையுமாக அவன் வாசலில் வந்து நின்றான். கண் மட்டும் இன்னும் விரதத்துக்கு வந்து சேரவில்லை, பழைய சிவப்பிலேயே இருந்தது. மேஜை மேல் பாட்டிலைப் பார்த்தான். அவள் கையில் கிளாஸைப் பார்த்தான். அவள் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வாய் குடித்தாள்.

"நீ குடிக்கிறியா?" என்றான்.

"ஆமா. நல்லாருக்குது."

அவன் மாமா பக்கம் திரும்பினான். உண்மையாகவே மனசு நொந்துபோனவனின் முகம் அது, அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. "இன்னா மாமா இது? ஒரு குடிகாரியோட எவன் குடும்பம் நடத்துவான்? ஒரு நாள் தாங்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் அந்தக் கேள்வியில் ஒரு குறையும் தெரியவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்க வீட்ல இப்படிப் பழக்கமே இல்ல மாப்ள, இது எங்க கத்துக்கிச்சுன்னே தெரியல" என்று கெஞ்சிக்கொண்டே மாமா அவன் பின்னால் ஓடினார். ஓடியவர் கேட்டிலிருந்து திரும்பி வந்தார். "இந்தக் கருமம் வீட்ல இருக்கக் கூடாது, நான் கொண்டுபோய்த் தூக்கிப் போடறேன்" என்று, முக்கால்வாசி இருந்த பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு, சிந்தாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனார். எங்கே தூக்கிப் போட்டிருப்பார் என்பது எங்கள் மோட்டாருக்குத் தெரியும். அத்தை போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அந்த முறையை அவர் விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அத்தை போன் செய்தார். குரலில் துக்கம் போய்த் தெம்பு வந்திருந்தது. ஊரே பேசுகிறதாம். மாப்பிள்ளைதான் இவளை வேண்டாம் என்று தள்ளிவிட்டானாம், பொண்ணு குடிக்கிறதாம், பாவம் அந்தப் பையன் இத்தனை வருஷம் எப்படித்தான் சகித்தானோ என்று சொல்கிறார்களாம். "உங்க மாமாவும் இப்ப ஒத்துக்கினாரு. பிரிஞ்சது நியாயந்தான், இனிமே சேத்து வெக்கற பேச்சே எடுக்கமாட்டேன்னுட்டாரு." நான் கத்தினேன். முறிந்த கையைப் பற்றிப் பேசினேன், முதுகைப் பற்றிப் பேசினேன், யார் யாரைத் தள்ளினார்கள் என்று ஊருக்கே போன் போட்டுச் சொல்லப்போவதாக மிரட்டினேன். அத்தை பாதியிலேயே வைத்துவிட்டார். நான் அடுத்த நம்பரைத் தேட ஆரம்பித்தேன்.

தங்கை வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உடுக்கா. கைய ஒடிச்சான்னு சொன்னேன், அது அவங்களுக்குக் காரணமா தெரியல. இது தெரியுதுல்ல? போவட்டும், அவங்களுக்குப் புரிஞ்ச காரணமே இருக்கட்டும்."